அரை அடி அதிகம்

“இது உக்கார்ற ஸ்டூலா, ராஜகோபுரமா?”

2025 ஜனவரி 6, திங்கட்கிழமை, காலை ஆறு பத்து. ஊரை ஒட்டிய மலை இருக்குமிடமே தெரியாத மூடுபனி. வேங்கிக்காலில், வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில், புது ஸ்டூலின்மேல் உட்கார்ந்தபடி கேட்டாள் தமிழ்செல்வி. அவளுடைய கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின.

பதினெட்டு ஆண்டுகளாக அதுதான் அவளுடைய பட்டறை. பழுதான மிக்சி, கிரைண்டர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தருவாள். மார்கழியில் விரல்கள் மரத்துப்போகும், காயிலில் பூசிய வார்னிஷ் காயாது. கொட்டகையைக் கொஞ்சம் கதகதப்பாக்கி, தரைக்கு ஒரு பாயும் போட்டுத் தருமாறு மூன்று மார்கழிகளாகக் கேட்டாள். “பத்து நாள் பனி, தாங்கிக்கோ” என்பதே கணவர் குமரேசனின் பதில்.

அதே மனிதர், அவள் கீழ்பென்னாத்தூரில் உள்ள அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த சனி, ஞாயிறில், கூரைக்கடியில் தெர்மாகோல் அடித்து, இடுக்குகளை அடைத்து, தரையில் ரப்பர் பாயும் விரித்திருந்தார். உள்ளே நுழைந்ததும் அவளுக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. ஸ்டூலில் ஏறியதும் அடங்கியது.

குமரேசன் தலையைக் குனிந்து வாசலைக் கடந்தார். இடது கையில் காபி டம்ளர்.

“கால் மரத்துப்போவுதுன்னுதானே பாய் கேட்டேன்? அந்தப் பாய் காலுக்கே எட்டல!”

“எட்டும்.”

“எப்போ? நான் இனிமே வளர்ந்தா? மேசையையும் செங்கல் வெச்சு ஏத்தியாச்சு. கம்பிச் சுருள் மாட்டற ஆணிய இடது பக்கம் அடிச்சிருக்கீங்க. நான் எந்தக் கையில கம்பி சுத்தறேன்னுகூடத் தெரியாதா?”

“எல்லாம் ரெண்டு தடவ அளந்துதான் செஞ்சேன்.”

“இருபத்தேழு வருஷம் கூடவே இருந்தும் என் உயரம் தெரியல. அளவெல்லாம் அரை அடி ஜாஸ்தி, அக்கறை மட்டும் கம்மி!”

மதியத்துக்குள் நான்கு மோட்டார்களை முடித்தாக வேண்டும். அவள் குதித்து இறங்கி, ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, ரம்பத்தை எடுத்தாள்.

“தமிழு, வெட்டாதே!”

“ஏன்? யாரை அளந்து செஞ்சீங்க?”

குமரேசன் டம்ளரை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். முத்திரையும் கையொப்பமும் பொருந்திய அலுவலக ஆணை: வேலையிலிருந்து அவர் கேட்டிருந்த விருப்ப ஓய்வு ஏற்கப்பட்டிருந்தது.

“இனிமே நீ வீட்டுக்குள்ள போர்த்திக்கிட்டு உக்காரு. பட்டறைய நான் பாத்துக்கறேன்.”

“காயில் கட்டத் தெரியுமா?”

“பதினெட்டு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.”

தமிழ்செல்வி ஆணையைக் கடைசி வரிவரை நிதானமாகப் படித்து, மடித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, ஸ்டூலின் முதல் காலில் ரம்பத்தை வைத்தாள்.