கட்டிலுக்கு மேலே, கட்டிலுக்கு அடியிலே

இந்தக் காலத்தில் யாரும் எதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

நாறுகிறது என்றால் நாறுகிறது என்று சொல்லிவிட வேண்டியதுதானே. சொல்ல மாட்டார்கள். ஊதுவத்தி கொளுத்தி வைப்பார்கள்.

அவர் நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாய் டாக்டரின் எவர்சில்வர் மேசை. மேலே நாய். அதற்கு ஜாங்கிரி என்று பெயர். வாலைப் பார்த்தால் தெரியும். பேத்தி வைத்த பெயர். அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏய் என்றால் வந்துவிடும்.

மருமகள் கோகிலவாணி சுவரோரமாக நின்றாள். துப்பட்டா மூக்கில் இருந்தது. வீட்டிலும் கொஞ்ச நாளாக அப்படித்தான். அவர் அறைப்பக்கம் வரும்போது மட்டும்.

நாற்றம் வந்தது உண்மை. கருவாட்டை ஊறப்போட்டு மறந்துவிட்ட மாதிரி ஒரு நாற்றம். அவருக்கும்தான் அடித்தது. பக்கத்து பிளாட்காரன் மீன் கழுவுகிறான் என்று நினைத்தார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவனைத் திட்டினார். அவன் முட்டைகூடச் சாப்பிட மாட்டான் என்று பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம்தான் ஊதுவத்தி வந்தது.

புது சோப்பு வந்தது. அவருக்கு மட்டும்.

கதை கேட்க வரும் பேத்தி கதவோரமாக நின்று கேட்டாள். பேயை அவர் மரத்தில் ஏற்றுவதற்குள் ஓடிப்போனாள்.

மாமனாரிடம் மருமகள் இதை எந்த வாயால் சொல்வாள். மகனாவது சொல்லலாம். அவன் வந்தான். மின்விசிறியை ஐந்தில் வைத்தான். போய்விட்டான்.

அவர் இரண்டு வேளை குளித்தார். பிறகு மூன்று வேளை. வேட்டியை மோந்து பார்த்தார். துண்டை மோந்து பார்த்தார். சோப்பு வாசம்தான். கட்டிலில் சாய்ந்தால் மறுபடி கருவாடு.

எழுபதைத் தாண்டிய உடம்பு. சொல்லாமல் கொள்ளாமல் என்னென்னவோ செய்கிறது. இதையும் செய்கிறதோ என்னவோ.

நேற்று கட்டிலின்மேல் ஒரு பொட்டலம் இருந்தது. செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி. பிரித்தார்.

பெரியவர்களுக்கான டயாப்பர், ஒரு கட்டு.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

இன்று காலை நாய் கத்தியது. உட்கார முடியவில்லை. பின்பக்கத்தைத் தரையில் வைத்து ஹால் முழுக்கத் தேய்த்துக்கொண்டே போனது. பூச்சி என்றார் அவர். வேப்பங்கொழுந்தை வெல்லத்தில் உருட்டி முன்னமே கொடுத்திருந்தார். வெல்லத்தைத் தின்றுவிட்டு வேம்பைத் துப்பிவிட்டது. மருமகள் டாக்டரிடம் தூக்கிப் போகலாம் என்றாள். அவளோடு அது ஆட்டோவில் ஏறவில்லை. அவர் ஏறினால்தான் ஏறும். ராத்திரியெல்லாம் அவர் கட்டிலுக்கு அடியில்தானே படுக்கிறது.

டாக்டரம்மா சின்னப் பெண். கையுறையை மாட்டினாள்.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க ஐயா."

வாலைத் தூக்கினாள். நாய் திமிறியது. அவர் காலை அகட்டி ஊன்றினார். வேட்டிக்குள் ஏதோ சரசரத்தது. டாக்டரம்மா நாயைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

பிறகு பஞ்சை வைத்து அழுத்தினாள்.

அறை முழுக்கக் கருவாடு.

வெளியே பூனைக் கூடையோடு காத்திருந்தவர் எழுந்து தெருவுக்கே போய்விட்டார்.

மருமகள் துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்தாள். எடுக்கவேண்டிய நேரம் அது இல்லை. ஆனாலும் எடுத்தாள். நாயைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"இங்க ரெண்டு பக்கமும் சின்னதாப் பை இருக்குதுங்க" என்றாள் டாக்டரம்மா. "அடைச்சுக்கிச்சு. வீட்டுல கொஞ்ச நாளாவே நாறியிருக்குமே?"



அவர் தலையை ஆட்டியிருந்தால் போதும். எல்லாம் முடிந்திருக்கும்.

ஆட்டவில்லை.

"லாரி செட்டுல எத்தனையோ நாய் வளத்திருக்கறேன். ஒண்ணுக்கும் பை கிய்யெல்லாம் கெடையாது."

"இருந்திருக்குமுங்க. நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"நாய்ப் பிட்டியப் பாத்துட்டு உக்காந்திருந்தா லாரிய யாரு ஓட்டறது."

டாக்டரம்மா சிரித்தாள். பஞ்சை நீட்டிக் காட்டினாள். அவர் பஞ்சைப் பார்க்கவில்லை. அவள் சட்டைக்கையின் மடிப்பைப் பார்த்தார். முன்னாலேயே எதையாவது தடவி வைத்திருப்பாள். சந்தையில் வாயிலிருந்து கோழிக்குஞ்சு எடுக்கிறவனும் இப்படித்தான் சிரிப்பான்.

வெளியே வந்தார்கள். மருமகள் ஆட்டோவை நிறுத்தினாள். ஏறாமல் நின்றாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"மாமா, அந்தப் பொட்டலத்த இன்னைக்கே கடையில திருப்பிக் குடுத்தர்றனுங்க."

"எடுக்க மாட்டான். பிரிச்சாச்சு."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"ஒண்ணு கொறையும்" என்றார் அவர்.

அவள் நிமிர்வதற்குள் சங்கிலியை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டார். காலைச் சற்று அகட்டி.

நாய் முன்னால் ஓடியது. தொங்கிக் கிடந்த வால் பழையபடி சுருண்டிருந்தது. ஓர் இடத்திலும் உட்கார்ந்து தேய்க்கவில்லை.

பையாம். அடைப்பாம்.

முக்கில் கட்டணக் கழிப்பறை இருந்தது. அவர் நின்றார். நாயும் நின்றது. சங்கிலியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு உள்ளே போய்க் கழற்றி எறிந்துவிட்டு வரலாம்.

அந்தப் பெண் சொன்னது பொய்யாக இருந்தால்?

எதற்கும் இன்றைக்கு ஒரு நாள் இருக்கட்டும்.

"ஏய்" என்றார்.

சரசரவென்று நடந்தார்.