இருபத்திரண்டு கையெழுத்து

“அவ நம்ம கட்டடத்துலயும் ஏறிட்டா தம்பி. கையில அந்தக் காகிதம்!” என்றபடி நுழைந்தார் தோமா.

வூகாஷின் அவரை உட்காரவைத்து, ஒரு கிளாஸ் பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தார்.

அவள் என்றால் துஷங்கா, பள்ளிக்கூட மனநல ஆலோசகர். வூகாஷினின் எட்டு வயது மகள் கலினா இந்த மாதம் இரண்டு பிள்ளைகளைக் கடித்துவிட்டாள். ஒரு நாற்காலியையும் வீசினாள். அவளைப் பள்ளியை விட்டே அனுப்ப, வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் கையெழுத்து வேட்டை நடக்கிறது என்று ஊரே பேசியது.

சாராயத்தை ஒரே மடக்கில் முடித்தார் தோமா. “என் பேரனும் அதே வகுப்புதானே. என்கிட்ட வரட்டும், விரட்டிடறேன்.”

“போன வாரம் இங்க வந்து இனிக்க இனிக்கப் பேசினா அண்ணே. பொண்ணு எப்பத் தூங்குறா, கடிக்கிறதுக்கு முன்னால என்ன நடந்துச்சு, சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிறாளான்னு நோண்டி நோண்டிக் கேட்டா.”

“எல்லாத்தையும் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“கெட்டுது போ! நீயே சாட்சி சொல்லியிருக்க. படிச்சவங்க சிரிச்சாலே உஷாரா இருக்கணும்டா. இனிமே கதவையே திறக்காத. கலினாவுக்கு ஞானஸ்நானத்துல பொறுப்பேத்துக்கிட்ட ஞானத்தகப்பன் நான். எனக்கு வயிறு எரியுதுல்ல?”

அழைப்பு மணி அடித்தது.

“எனக்கு எதுக்கு வம்பு? நான் இங்க இருக்கறதைச் சொல்லாத.” தோமா சமையலறைக்குள் நுழைந்துகொண்டார்.

வாசலில் துஷங்கா. லிஃப்ட் வழக்கம்போல் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது அவளுக்கு.

“எத்தனை வீடு முடிஞ்சுது மேடம்?”

“இருபத்தொண்ணு.”

“வெட்கமாயில்ல? ஒரு சின்னப் பிள்ளையைத் துரத்த வீடு வீடா அலையறீங்க!” வூகாஷின் வெடுக்கென்று காகிதத்தைப் பிடுங்கினார்.

“சார், அதை நீங்க பார்க்கக் கூடாது. கொடுங்க!”

மேலே, கலினாவை வெளியேற்றச் சொல்லும் மனு. கீழே இருபத்திரண்டு கையெழுத்து. ஒவ்வொன்றாகக் குறுக்கே அடித்து, பக்கத்தில் ‘வாபஸ்’ என்று அவரவரே எழுதியிருந்தார்கள். முதல் கையெழுத்து மட்டும் அடிபடவில்லை. பெயரைப் படிப்பதற்குள் துஷங்கா காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.



“சத்தம் தாங்காமத்தான் கடிக்கிறா. அதுக்கு நாங்க வழி பண்றோம், கிறிஸ்துமஸ் வரைக்கும் பொறுங்கன்னு ஒவ்வொரு வீட்லயும் கேட்டேன் சார். கேட்டா மனுஷங்க இறங்கி வர்றாங்க.”

“அந்த... அந்த முதல் கையெழுத்து?”

துஷங்கா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“தோமா ஐயா இங்கதான் இருக்கார்னு அவர் வீட்டம்மா சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் வெளிய அனுப்பறீங்களா? அவர்கிட்ட மட்டும்தான் இன்னும் பேசலை.”