நிழலைக் கழித்தவன்

"எந்தப் பய என் மரத்துல கை வச்சது? அவன் மட்டும் ஆப்புடட்டும், கைய முறிச்சுப்புடறேன்."

கொடுவாளும் கையுமாகக் காசிநாதன் போட்ட சத்தம் பச்சைமலை முழுக்கக் கேட்டிருக்கும். காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் கல்யாண முருங்கை மரங்களில் பாதிக் கிளைகள் தரையில் கிடந்தன. நேற்றுவரை கும்மிருட்டாக இருந்த தோட்டத்தில் வைகாசி வெயில் பாய் விரித்துப் படுத்திருந்தது.

அவர் மகள் கண்ணகிக்குப் பதினேழு வயது. அம்மாவின் முதுகோடு ஒண்டிக்கொண்டாள்.

"வெயில் நேரா எறங்குனா செடி கருகிப்போயிடும். வெள்ளாமை இல்லன்னா கல்யாணத்த எத வச்சுப் பண்ணுவேன்?"

காப்பி விற்ற கையோடு தை மாதம் கண்ணகியை அவள் மாமன் மகன் தங்கசாமிக்குக் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. அவன் அரியலூரில் லாரி ஓட்டுகிறான். இங்கே வந்து நாலு நாளாகிறது. திரும்பிப் போகிற மாதிரி தெரியவில்லை.

"புள்ள மூஞ்சியப் பாருங்க, எப்படி வெளிறிப் போச்சு" என்றாள் அம்மா ராசாத்தி.

தங்கசாமி பெல்பாட்டத்தில் ஒட்டிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, "கவலப்படாத புள்ள. வெள்ளாமை போனா போவுது, அடுத்த வருசம் வரைக்கும் காத்திருக்கேன்" என்றான்.

கண்ணகி அம்மாவின் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரம்பலூரிலிருந்து காப்பி ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். அண்ணாந்து பார்த்தார்.

"அட, யாருங்க கழிச்சது?"

"அவனத்தான் சார் தேடிக்கிட்டிருக்கேன்."

"தேடிப் புடிச்சு மாலை போடுங்க. ஏன் காய்ப்பு கம்மின்னு கேட்டீங்கல்ல? அந்த இருட்டுதான் காரணம். நிழல் அதிகமாப் போச்சுன்னா செடி இலையா தழைக்கும், பூக்காது. மழைக்கு முந்தி இப்படிப் பாதி கழிச்சுவிடணும். வெளிச்சம் எறங்கினா காய் நல்லாத் திரளும், அடுத்த பூவும் கொத்துக் கொத்தாப் புடிக்கும். மழை பேஞ்சா மரம் தானா தழைச்சுக்கும்."

காசிநாதன் கொடுவாளைக் கீழே போட்டார். "இவ்வளவு வெவரமா யாரு சார் செஞ்சிருப்பா?"

தங்கசாமி தொண்டையைச் செருமினான். "நான்தான் மாமா."

"இவ்வளவு நேரம் ஏன் மாப்ள வாயத் தொறக்கல?"

"நீங்க கொடுவாளோட நின்னீங்களே மாமா."

காசிநாதன் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இனிமே எனக்கு என்ன பயம்? தை வரைக்கும் எதுக்கு, ஆவணியிலயே கல்யாணத்த முடிச்சுடுவோம்."

ராசாத்திக்குக் கண் கலங்கியது. கண்ணகிக்கும்தான்.

'பொய் சொல்றான்ப்பா, வெட்டினது நான்தான்' என்று சொல்ல அவளுக்கு வாய் துடித்தது. ஆனால் அதைச் சொன்னால், தோட்டம் கருகினாலாவது இந்தத் தங்கசாமியிடமிருந்து தப்பிக்கலாம் என்றுதான் ஊர் அடங்கிய பிறகு தொரட்டியைத் தூக்கினாள் என்பதையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டும்.