தொன் கலிஸ்தோவின் வலது கை

என் முகம் ஒவீதியோவின் வலது அக்குளுக்குக் கீழே இருந்தது. மாப்பிள்ளைக் கோட்டில் அவன் அடித்திருந்த சென்டில் மூச்சு முட்டியது.

ஒரே பொம்மையை இரண்டு பேர் ஆட்டுவதென்றால் இப்படி ஒட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அவனுடைய வலது கை எங்கள் பொம்மை தொன் கலிஸ்தோவின் தலைக்குள் நுழைந்து வாயை அசைக்கும். இடது கை கலிஸ்தோவின் இடது கைக்குள். கலிஸ்தோவின் வலது கை மட்டும் என் பொறுப்பு.

வலது கைக்குச் சொந்தப் புத்தி கூடாது. தலை நினைப்பதைச் செய்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கைதட்டல் வந்தால் அது தலைக்கு.

பெண் கிடைத்துவிடும், நல்ல வலது கைதான் கிடைக்காது என்று ஒவீதியோ கலிஸ்தோவின் வாயால் அடிக்கடி சொல்லிச் சிரிக்கவைப்பான்.

கலிஸ்தோவுக்கு மெத்தை ஃபோமில் வெட்டிய தலை, ஆரஞ்சு ஃபிளீஸ் துணியில் தோல், கத்தரிக்காய் மூக்கு. மனிசாலஸ் ஊரில் அவரைத் தெரியாத பிள்ளை கிடையாது. பேச ஆரம்பித்தால் ஓயமாட்டார்.

ஒவீதியோ நேர்மாறு. கலிஸ்தோ கையில் இல்லாவிட்டால் வாயில் கொழுக்கட்டைதான்.

அன்று காலை பதிவு அலுவலகத்தில், சம்மதமா என்று கேட்டதற்கு அவன் முனகியது யார் காதிலும் விழவில்லை. அதிகாரி மறுபடி கேட்டார். மறுபடியும் முனகினான். பெண்ணின் அப்பா பேருந்து ஓட்டுகிறவர். அவர் குரல் கடைசி இருக்கை வரை போகும். பையனுக்கு இஷ்டமா, இல்லை யாராவது இழுத்துக்கொண்டு வந்தார்களா என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

மணப்பெண் யுரானி, விருந்து மண்டபத்துக்கு வந்ததும் மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள். எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போடு, இல்லையென்றால் அப்பாவோடு கிளம்பிவிடுகிறேன் என்றாள். சோறும் பட்டாணியும் அடைத்துச் சுட்ட முழுப் பன்றி மேசையில் வெட்டப்படாமல் கிடந்தது. யாரும் கத்தியைத் தொடவில்லை.

குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவதற்காகக் கலிஸ்தோவைப் பெட்டியோடு கொண்டுவந்திருந்தோம். ஒவீதியோ நேராக என்னிடம் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"கலிஸ்தோவ எடு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடம் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் கை அதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டது.

இப்போது மறைப்புத் துணிக்கு மேலே கலிஸ்தோ எழுந்து, மாமனாருக்கு வணக்கம் போட்டு, பேருந்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை.

பிறகு கலிஸ்தோ யுரானி பக்கம் திரும்பினார். குரல் இறங்கியது.

"எனக்குள்ள இருக்கிறது வெறும் பஞ்சுதான் யுரானி. நீ வந்து நின்னா மட்டும் அது ஏன் இப்படி அடிச்சுக்குதுன்னு தெரியல."

'அடிச்சுக்குது' வருவதற்கு ஒரு கண்ணிமைப்பு முன்பே நான் கலிஸ்தோவின் கையை நெஞ்சில் வைத்துவிட்டேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவன் மூச்சை இழுப்பதற்குள் கை கண்ணைத் துடைத்தது. பெண்ணின் அம்மா விசும்புவது கேட்டது. பொம்மைக்கு உயிர் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

கலிஸ்தோவின் இடது கை, துணியருகே வந்த யுரானியின் கையைப் பிடித்துக்கொண்டது. ஒவீதியோ முன்பே தந்திருந்த மோதிரம் என்னிடம்.

அங்கேதான் சிக்கல். ஃபிளீஸ் விரல் தடிமன், வழுக்கல். பொடி மோதிரம் அதில் நிற்கவில்லை. ஒருமுறை நழுவியது, பிடித்தேன். இன்னொருமுறை நழுவினால் உருண்டு பன்றி மேசைக்கடியில் போய்விடும். மாமனாருக்கு அது போதும்.

ஆட்டுகிறவரின் தோல் வெளியே தெரியக் கூடாது. எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் இல்லை. ஆனால் அந்தக் கையைத் தைத்தவள் நான். வெளியே ஒருவருக்கும் தெரியாதபடி துணியின் மயிரைச் சீவி மூடிய தையல் எங்கே ஓடுகிறது என்று என் நகத்துக்குத் தெரியும். பிரித்தேன். விரல் நுனியை வெளியே நீட்டினேன்.

மோதிரம் யுரானியின் விரலில் ஏறியது.

யுரானி கலிஸ்தோவின் கைக்கு முத்தம் கொடுக்கக் குனிந்தாள். துணிக்கு வெளியே நீண்டிருந்த என் விரலைப் பார்த்திருக்கிறாள். தன் கையால் அதை மூடி, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "ரொம்ப நன்றிக்கா."

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. மாமனாரே பன்றியை வெட்டப் போனார். கைதட்டல் வழக்கம்போலத் தலைக்குப் போனது. ஒவீதியோ வியர்வையோடு என்னைப் பார்த்து, மோதிரம் ஒழுங்காக ஏறியதா என்று கேட்டான். அந்த நேரத்திலும் அவனுக்குச் சந்தேகம். ஏறியது என்றேன்.

பல வருடம் முன்பு எனக்கும் ஒவீதியோவுக்கும் நடந்த கல்யாணத்தன்று கலிஸ்தோவுக்கு வலது கை வேலை செய்யவில்லை. நெஞ்சோடு சேர்த்துத் தைத்திருந்தது. ஒவீதியோ தனியாகத்தான் ஆட்டினான். பஞ்சு, அடித்துக்கொள்வது, எல்லாம் இதே வரிசையில் சொன்னான். அன்றைக்கும் எல்லோரும் அழுதார்கள். கலிஸ்தோவின் ஒரே கை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததால், மோதிரத்தை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.