உயரமான ஹேண்டில்பார்

ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிட்டது. அண்ணன் ஸ்க்ரூடிரைவரைத் தூக்கிச் சுவரில் எறிந்தான்.

“சனியனே! தம்பிக்காக உங்கிட்டயெல்லாம் நான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கு பாரு!”

மத்தியானம் வக்கீல் வருகிறார். தம்பியின் பைக்கைச் சோதித்துப் பார்க்க ஓர் இன்ஜினியரையும் கூட்டி வருகிறார். இன்ஜினியர் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் தம்பி வீட்டுக்கு வருவானா, ஜெயிலிலேயே கிடப்பானா என்பது தெரியும்.

தம்பி மேல் கொலைக் கேஸ். வாசலில் வண்டி நிறுத்துகிற தகராறில் எதிர்வீட்டுக்காரரோடு காலையில் வாய்ச்சண்டை. சாயங்காலம் இதே வண்டி பாய்ந்து, அவரை அவர் வீட்டுச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. தெரியாமல் நடந்தது என்றால் யார்தான் நம்புவார்கள்? வேண்டுமென்றே ஏற்றிவிட்டான் என்று தெருவே ஒரே வாயாகச் சொல்லிவிட்டது.

ஸ்டேஷனில் கிடந்த வண்டியை அலையாய் அலைந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது அண்ணன்தான். இப்போது டேங்கைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, காலையிலிருந்து அதோடு கிடக்கிறான். கைப்பிடிக்குள் மாட்ட வேண்டிய கேபிளின் குண்டு முனை, மாட்ட மாட்ட நழுவியது. அதைப் பிடித்தால் மூடி கழன்றது. மூடியைப் பிடித்தால் நட்டு உருண்டு ஓடியது. விரலில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

தம்பியின் மனைவி டீயோடு வந்து நின்றாள்.

“மாமா, இதைக் குடிச்சிட்டுப் பாருங்க. காலையில இருந்து பச்சத் தண்ணி கூட குடிக்கல நீங்க.”

“அங்க வைம்மா. இது முடியட்டும்.”

அவள் ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்தாள். மாட்டுக் கொம்பு மாதிரி தோள் உயரத்துக்கு நின்றது. “நீங்க பிறந்தநாளுக்கு வாங்கி, உங்க கையாலேயே மாட்டிக் கொடுத்தது. ரெண்டு நாள்கூட அவர் ஆசை தீர ஓட்டல.” குரல் உடைந்துவிட்டது. “கூடப் பிறந்தவங்க எல்லாரும் இப்படிப் பார்ப்பாங்களா மாமா? நீங்க இல்லேன்னா நான் நடுத்தெருவுலதான் நின்னிருப்பேன்.”

“அழாதம்மா. எல்லாம் சரியாயிடும்.” அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கழற்றிய பழைய கேபிளைக் கட்டரால் துண்டு துண்டாக நறுக்கி, அழுக்குத் துணியோடு சுருட்டி நீட்டினான். “இந்தக் குப்பையைத் தெருமுனைத் தொட்டியில போட்டுட்டு வா. வர்றவங்க காலைக் கீலைக் குத்திடப் போகுது.”

அவள் போனதும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மெக்கானிக்குக்கு போன் போட்டான்.

“யோவ், நீ கொடுத்த கேபிள் டேங்குக்கு அடியில நுழையவே மாட்டேங்குதே!”

“முன்பக்கமா வளைச்சு விடுங்க சார், போகும். அதைவிட நீளமா வேற இல்ல” என்றார் மெக்கானிக். “ஆனா நல்லவேளை மாத்துறீங்க. உயரமான ஹேண்டிலுக்குப் பழைய ஆக்சிலேட்டர் கேபிள் எட்டாது. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுசா ஒடிச்சா கேபிளை இழுத்துக்கும். கை வைக்காமலே வண்டி சீறிடும். தெரியாதவன் மாட்டினா ஆளையே முடிச்சிடும் சார்.”

“சரி, சரி” என்று போனை வைத்தான்.

வளைத்து விட்டான். நுழைந்தது. டேங்கை ஏற்றி, போல்ட்டை முறுக்கினான். அப்புறம் பளபளவென்று இருந்த புதுக் கேபிளில் பழைய கிரீஸையும் தரைப் புழுதியையும் வழித்துத் தடவினான். திரும்பி வந்த தம்பி மனைவி பார்த்துவிட்டாள்.

“ஏன் மாமா அழுக்காக்குறீங்க?”

“அப்பத்தான் துருப்பிடிக்காதும்மா.”

சொல்லி வாய் மூடவில்லை, வக்கீலின் கார் வந்து நின்றது. இன்ஜினியர் நேராக வண்டியிடம் போனார். வக்கீல் தம்பி மனைவியிடம் வந்தார்.

“உங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் அதேதாம்மா சொல்றார். ‘ஆக்சிலேட்டரை நான் முறுக்கவே இல்ல. வாசல்ல ஹேண்டிலை இடது பக்கம் ஒடிச்சேன், வண்டி தானா பாஞ்சிடுச்சு’ன்னு. நடக்கக்கூடியதுதான்னு இன்ஜினியர் சாரும் சொல்றார். அது மட்டும் இங்க தெரிஞ்சா போதும். கேஸ், ஹேண்டில் மாட்டினவங்க பக்கம் திரும்பிடும், இவர் வெளிய வந்துடுவார்.”

அவள் கைகூப்பியபடி நின்றாள். இன்ஜினியர் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை இடது பக்கம் கடைசிவரை ஒடித்தார். சத்தம் கொஞ்சமும் ஏறவில்லை. வலது பக்கம் ஒடித்தார். மறுபடி இடது பக்கம். வண்டி சாதுவாக உறுமிக்கொண்டிருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினார்.

தம்பி மனைவி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வக்கீலுக்கு மனசு ஆறவில்லை. அண்ணனிடம் திரும்பினார்.

“சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு உயிர் ஊசலாடுது. இந்த ஹேண்டில் மாட்டினதுல ஏதாவது கோளாறு இருந்துச்சா?”

அவள் கடைசி நம்பிக்கையாக நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

“ஒரு கோளாறும் இல்ல சார். மாட்டிக் கொடுத்ததே நான்தானே!”