நான்கு பேருக்கு நான்கு எண்

நிர்வாகத்தின் வக்கீலம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஃபைலைத் திறந்தபோது, ஆராய்ச்சியாளர் சங்கத்தின் செயலாளர் அவரைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்கு பேரையும்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நான்கு பேரும் சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழு. அவர்களில் ஒருவர் காட்டிக்கொடுக்கிறார்.

மூன்று சுற்றாக இதே கூத்து. எதுவரை இறங்கிவரலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டு இவர்கள் முடிவு செய்வார்கள். மறுநாள் நிர்வாகம் சரியாக அந்த இடத்தில் வந்து நிற்கும். பிரசவ விடுப்பு அப்படித்தான் போயிற்று. ஆய்வக வேலை நேரமும் அப்படித்தான் போயிற்று.

இன்று இந்தச் சுற்றின் கடைசி நாள், கடைசி ஷரத்து. ஒருவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்றால், அதை எத்தனை நாளுக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும்?

சங்கம் கேட்பது நூற்றிருபது நாள். அதெல்லாம் சும்மா கேட்டு வைப்பது. அறுபதுக்குக் கீழே மட்டும் இறங்கக் கூடாது என்பதுதான் அவளுடைய கணக்கு.

அவளுடைய சொந்த ஒப்பந்தம் முடிய இன்னும் எழுபது நாள்தான் இருந்தது. இன்று கையெழுத்தானால் பத்து நாளில் அவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆகாவிட்டால் கடைசி நாள் சாயங்காலம்கூட ஆய்வகச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பெண்ணை அடுத்த வகுப்பில் சேர்ப்பதா, ஊரையே மாற்றுவதா என்று கணவன் கேட்டுக் கேட்டு, இப்போதெல்லாம் கேட்பதையே விட்டுவிட்டான்.

கிருமி ஆராய்ச்சி அவள் தொழில். எது எங்கிருந்து பரவுகிறது என்று கண்டுபிடிக்கத்தானே இத்தனை வருடம் படித்தாள்?

இந்த முறை கூடிப் பேசாமல், வெள்ளிக்கிழமை நால்வருக்கும் ஆளுக்கொரு உறையில் இந்த ஷரத்தின் வரைவைக் கொடுத்தாள். எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான், அந்த அடிமட்ட எண் மட்டும் வேறு. புள்ளியியல்காரருக்கு ஐம்பத்தொன்று. தாடிக்காரருக்கு அறுபத்துநான்கு. வேதியியல் அக்காவுக்கு அறுபத்தேழு. பூச்சிகளை ஆராய்வதால் எல்லோரும் பூச்சி என்றே கூப்பிடும் தோழிக்கு ஐம்பத்தெட்டு.

பக்கத்து நாற்காலியிடம்கூட எண்ணைச் சொல்லக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குள் எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம் வந்திருந்தது.

அவளுடைய சந்தேகம் பூச்சி மேல்தான். சொல்லவே கசந்தது. விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இவளுக்குப் பெண் பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் பூச்சி.

ஆனால் போன மாதம் பூச்சியின் ஒப்பந்தம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. நடையில் இவள் தலை தெரிந்தால் பூச்சி போனை அணைத்துவிடுகிறாள். எதேச்சையாக இருக்கலாம். எத்தனை எதேச்சையைத்தான் ஒருத்தி நம்புவாள்?

வக்கீலம்மா ஃபைலிலிருந்து காகிதங்களை எடுத்து நிதானமாகத் தட்டிச் சீராக்கினார். இந்த ஷரத்தில் சங்கம் எதுவரை இறங்கி வரும் என்பது நிர்வாகத்துக்கு ஓரளவு தெரியும் என்று ஆரம்பித்தார். முதல் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். ஐம்பத்தெட்டு.

பிடித்துவிட்டோம் என்ற நிம்மதி அவளுக்குத் துளிகூட வரவில்லை. பொய்யாக இருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது. பூச்சியின் முகத்தில் ரத்தமே இல்லை.

வக்கீலம்மா நிறுத்தவில்லை. அடுத்த காகிதத்தைப் புரட்டினார். ஐம்பத்தொன்று. அறுபத்தேழு. அறுபத்துநான்கு.

புள்ளியியல்காரரின் பேனா பாதி வார்த்தையில் நின்றது. தாடிக்காரர் தாடியைத் தடவுவதை விட்டார். அக்கா குனிந்து கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

நான்கு பேருமா? ஒருவர் பாக்கியில்லாமல் நான்கு பேருமா? அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. இப்படிப்பட்ட கூட்டத்தை நம்பியா ஒன்றரை வருடம் அலைந்தோம் என்று ஆத்திரமும் வந்தது.

வக்கீலம்மா ஐந்தாவது காகிதத்தை எடுத்தார். அறுபது என்றார்.

"இதுல உங்க எண் எதுன்னு முதல்ல நீங்களே பேசி முடிவு பண்ணிட்டு வாங்க. அவசரமில்ல, அடுத்த மாசம் உக்காரலாம்."

காகிதங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பி வைத்தார். எல்லாவற்றின் ஓரத்திலும் திருத்தங்கள். ஒன்றில் பென்சில், ஒன்றில் சிவப்பு, வெவ்வேறு கையெழுத்து. ஐந்து பேரின் ஆராய்ச்சியையும் மேற்பார்க்கும் ஐந்து கைடுகள் திருத்திய பிரதிகள், அங்கிருந்து நேராக நிர்வாகத்துக்கு.

ஐந்தாவதில் பச்சை மசி. கமாக்களைச் சுழித்து, ஒரு வாக்கியத்தை இரண்டாக வெட்டி, கீழே 'தெளிவாக இருக்கிறது' என்று ஒரு வரி.

அறுபது என்று தனக்காக எழுதிவைத்த அந்தப் பிரதியை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. தன் கைடை வெளியாள் என்று நினைக்கத் தோன்றியதே இல்லை. ஏழு வருடமாக ஆய்வுக் கட்டுரை முதல் விடுப்புக் கடிதம் வரை எதுவும் அவர் பேனாவுக்குக் கீழே போகாமல் வெளியே போனதில்லை. சனிக்கிழமையும் அப்படித்தான், நிறுத்தற்குறிகளை மட்டும் பார்த்துத் தரச் சொல்லி மேசையில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

பூச்சி ஐந்து காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்ல அவள் பக்கம் சாய்ந்தாள்.

"எனக்கு ஐம்பத்தெட்டுன்னுதானே குடுத்தே? அப்ப அந்த அறுபது யாரோடது?"