பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிலுவை

கட்டுரை அச்சாகும் முன்பே ஆசிரியர் இறந்துவிட்டால், அவர் பெயருக்குப் பக்கத்தில் ஆய்விதழ்கள் சின்னதாக ஒரு சிலுவை போடும். மலேசியாவின் கூச்சிங் நகரில் மூக்குப் புற்றுநோயை ஆராயும் ரினாய்க்கு இது இருநூற்றுப் பதின்மூன்றாவது கட்டுரை. சரிபார்க்க வந்த மெய்ப்பில், கூட எழுதிய ஜெலானியின் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை இருந்தது.

"நான் செத்துட்டேனாக்கா? அப்ப நாளைக்கு லீவு," என்றான் அவன், நூடுல்ஸை மென்றபடி.

ரினாய் அதை நீக்கி அனுப்பினாள். திரும்பி வந்த மெய்ப்பில் சிலுவை அவள் பெயருக்கு மாறியிருந்தது. அதையும் நீக்கினாள். மறுபடி ஜெலானிக்குப் போனது. ஐந்து முறை இப்படியே நடந்தது. அதற்குள் இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"காலைல பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு ரினாய் வீட்டுக்குப் போனாள்.

காலையில் கட்டுரை வெளியாகியிருந்தது. ஏழு மணிக்கே ஜெலானி கடைசி மெய்ப்புக்கு ஒப்புதல் கொடுத்திருந்தான். சிலுவை அவள் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது.

"காப்பி வாங்கிட்டு வரட்டுமாக்கா?" என்றான் ஜெலானி, நிமிர்ந்து பார்க்காமல்.